கம்பெனி பஸ் நிற்காத இடம்

ஆவாரம்பாளையம் பாலத்தில் பஸ் ஏறி இறங்கும்போதுதான் வெள்ளியங்கிரி தன்னுடைய சட்டையைப் பார்த்தார். நீலச் சட்டை. பாக்கெட்டின் மேல் மஞ்சள் நூலில் வேதவல்லி பம்ப்ஸ் என்று தைத்திருந்தது. அடக் கடவுளே என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். நல்லவேளை, முன் சீட்டில் யாரும் இல்லை, பக்கத்து சீட்டிலும் யாரும் இல்லை, பஸ்ஸிலேயே நாலைந்து பேருக்கு மேல் இல்லை. வீட்டில் கட்டில் மேல் வெள்ளைச் சட்டை கிடக்கிறது. சுகந்தி விடிகாலையில் ஹாஸ்டல் சமையலுக்குக் கிளம்பும் முன் அதைத் தேய்த்து, ஊருக்குப் போகிற பிள்ளைக்கு எடுத்து வைப்பது மாதிரி எடுத்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். "நாளைக்கு இதையே போட்டுக்குங்க, புது எடம், பளிச்சுன்னு போகோணும்" என்று நேற்றே சொல்லியிருந்தாள். அவரும் சரி என்றுதான் சொன்னார். குளித்தார், துவட்டினார், சாமி கும்பிட்டார், ஆணியில் தொங்கிய நீலச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். கை நுழைந்தது, விரல் பித்தானைப் போட்டது, அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சட்டையாவது போகட்டும். முக்குக் கடைக்கு எதிர்ப்பக்கம் நின்று டவுன் பஸ்ஸில் ஏற வேண்டியவர் இந்தப் பக்கமே நின்றிருக்கிறார், இருபத்தாறு வருஷமாக நிற்கிற இடத்தில். கம்பெனி பஸ் வந்தது, டிரைவர் ஆரோக்கியம் கதவைத் திறந்து "வாங்ணா" என்றார், ஏறிவிட்டார். புது வேலையில் சேரப் போகிற மனுசன் பழைய கம்பெனியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, பழைய கம்பெனியின் பஸ்ஸில், பழைய சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அவருக்கே சிரிப்பு வந்தது. அது யார் கண்ணிலும் படாமல் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பரவாயில்லை, ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். புதுக் கம்பெனி சின்னியம்பாளையத்தில், இதே அவிநாசி ரோட்டின் மேல்தான் இருக்கிறது. இந்த பஸ் அதன் வாசலை ஒட்டித்தான் அரசூருக்குப் போகும். ஒன்பது மணிக்குள் அங்கே போய் நின்றால் போதும், நிற்காவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று இன்டர்வியூ எடுத்த எச்.ஆர். பெண் சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருந்தாள். ஆரோக்கியத்திடம் நிறுத்துங்க என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஆனால் கம்பெனி பஸ் சின்னியம்பாளையத்தில் நிற்காது. ஏறுவதற்குத்தான் பல இடங்கள், இறங்குவதற்குக் கம்பெனி வாசல் ஒன்றுதான். நடுவழியில் இறங்கியவர்கள் யாரென்று யோசித்துப் பார்த்தால், பிரசவ வலி வந்து ஹோப்ஸ் ஸ்டாப்பில் இறங்கிய ஸ்டோர்ஸ் பெண் ஒருத்தி, மாமனார் செத்துப்போனார் என்று போன் வந்து இறங்கிய ஃபிட்டர் ஒருவர். பிறப்பு, சாவு தவிர வேறு காரியத்துக்கு யாரும் இறங்கியதில்லை. நிறுத்துங்க என்றால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் என்ன சொல்வது? அந்த எச்.ஆர். பெண்ணும் ஏன் என்றுதான் கேட்டாள். மகள் தர்ஷினியைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள், மூக்குத்தி போட்டிருந்தாள். "இருபத்தாறு வருஷம் ஒரே எடத்துல இருந்திருக்கீங்களே சார், ஏன்?" கேலியே இல்லை. கழுத்தில் ஒரு கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது எத்தனை நாளாக இருக்கிறது என்று டாக்டர் கேட்பாரே, அப்படிக் கேட்டாள். வெள்ளியங்கிரிக்கு வியர்த்துவிட்டது. இருபத்தாறு வருஷம் என்பதைப் பெருமையாகச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு போயிருந்தார். அதற்குக் காரணம் வேறு சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சம்பளமா, அப்படியொன்றும் இல்லை. பதவியா, டெஸ்ட்டிங்கில் சேர்ந்தவர் டெஸ்ட்டிங்கிலேயே இருக்கிறார். கடைசியில், "காலைல பஸ் வந்துருமுங்க" என்றார். அவள் கலகலவென்று சிரித்தாள், தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே வேலையும் கிடைத்துவிட்டது போலிருக்கிறது. அவர் தமாஷ் பண்ணவில்லை. முக்கில் போய் நின்றால் பஸ் வந்துவிடும். அதற்கு மேல் அவர் யோசிக்க வேண்டியிருந்ததே இல்லை.

பீளமேட்டில் வசந்தாமணி அக்கா ஏறினார். வைண்டிங் செக்ஷனில் கம்பி சுற்றுகிற கை, விரல் நுனியெல்லாம் வார்னிஷ் ஏறிப் பழுத்திருக்கும். "சாப்ட்டீங்ளா தம்பி" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் போய் உட்கார்ந்தார். அது அவருடைய சீட். முன்னாலும் பின்னாலும் வரிசை வரிசையாகக் காலியாகத்தான் கிடக்கிறது, வேண்டுமானால் படுத்துக்கொண்டே போகலாம். ஆனாலும் அவரவர் சீட்டில்தான் அவரவர். பஸ் நிறைந்து வழிந்த காலத்தில், சேர்ந்த வருஷத்தை வைத்து முன்னால் பின்னால் என்று தானாக அமைந்த இடங்கள் அவை. யாரும் எழுதி ஒட்டவில்லை, யாரும் மாற்றவும் இல்லை. ஆள் குறையக் குறைய, இருந்தவர்கள் நெருங்கி உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. போனவர்களின் இடம் அப்படியே கிடந்தது. இப்போது ஒருவரோடு ஒருவர் பேச வேண்டுமென்றால் தோட்டத்தில் நின்று கூப்பிடுவது மாதிரி கத்த வேண்டும். வெள்ளியங்கிரிக்கு நடைபாதை ஓரம், ஜன்னலோரம் துரைமாணிக்கத்துடையது. துரைமாணிக்கம் வேலையை விட்டுப் போய் வருஷம் மூன்றாகப் போகிறது, வெள்ளியங்கிரி ஒருநாளும் ஜன்னலுக்கு நகர்ந்ததில்லை. துரை கெட்டிக்காரன். மூழ்கப்போற கப்பலுடா இது என்று முதலில் சொன்னவன் அவன்தான். ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான், வருஷம் திரும்புவதற்குள் அங்கே ஆள் குறைப்பு, கடைசியாக வந்தவன்தானே முதலில் போக வேண்டும். இப்போது கால் டாக்ஸி ஓட்டுகிறான். ஒருநாள் ரோட்டில் பார்த்து வண்டியை ஓரம் கட்டி, குசலம் விசாரித்துவிட்டு, கடைசியில் தன் பழைய இடத்தைப் பற்றிக் கேட்டான்: "என்ற சீட்டுல இப்ப யாருடா உக்கார்றாங்க?" யாரும் இல்லை என்றார் இவர். துரைக்கு முகம் என்னவோ ஆகிவிட்டது. "நீயே உக்காந்துக்கடா, காத்தாச்சும் வரும்" என்றான். அன்றைக்குக்கூட உட்காரத் தோன்றவில்லை. இருந்தவனும் கெட்டான், போனவனும் கெட்டான் என்றால், ஒரு மனுசன் எதைத்தான் செய்வது? போய்க் கெட்டால் நீயாகத்தானே போனாய் என்பார்கள். இருந்து கெட்டால் பாவம் என்பார்கள். இந்தப் பாவம் என்கிற சொல்லை நம்பித்தான் தான் இத்தனை நாள் இருந்துவிட்டோமோ என்று நினைத்தபோது அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இல்லை, அப்படியும் சொல்லிவிட முடியாது. அவர் கல்யாணத்துக்கு இதே பஸ்தான் அன்னூருக்கு வந்தது, கண்ணாடியில் வாழைக்கன்று கட்டி, மொத்த ஷிப்ட்டும் ஏறி. பெரிய முதலாளி நேரில் வந்து, பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போனது முதலாளியின் கார். சூலூர்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தபோது கிணற்று மேட்டில் ஒரு வேதவல்லி பம்பு ஓடிக்கொண்டிருந்தது. தகட்டைத் துடைத்துப் பார்த்தால் அவருடைய குத்து, டெஸ்ட்டிங் முடித்ததும் அவர் அடிக்கிற நட்சத்திரக் குறி. அவருக்கு மார்பு விம்மிவிட்டது. "இது நான் பாத்து உட்ட பம்புங்க" என்றார் தோட்டக்காரரிடம். "அப்படிங்களா, ரெண்டு வருசமா கரகரன்னு ஒரு சத்தம் வருதுங்களே, என்னன்னு பாருங்க" என்றார் அவர். போகட்டும், சத்தத்தோடாவது ஓடியது. அந்தக் கம்பெனிதானே இது. வடக்கேயிருந்து பாதி விலைக்கு பம்பு வந்து இறங்கியது, பெரிய முதலாளி போய்ச் சேர்ந்தார், சின்ன முதலாளி வந்தார். நல்ல பிள்ளை. கெட்டவராக இருந்திருந்தால் ஒரே நாளில் வெறுத்துவிட்டு வந்திருக்கலாம். தீபாவளி போகட்டும் என்பார், பொங்கல் போகட்டும் என்பார், எல்லாப் பண்டிகையும் அவர் சொன்னபடி போய்க்கொண்டுதான் இருந்தன. ஆர்டர்தான் வரவில்லை. இப்போது கம்பெனியில் என்ன வேலை நடக்கிறது என்று வெளியாள் யாருக்காவது தெரிந்தால், சுகந்திக்கே தெரிந்தால்? அவளிடம்கூட அவர் சொன்னதில்லை. காலையில் அசெம்ப்ளியில் ஐம்பது அறுபது பம்பைக் கோர்ப்பார்கள். ஒவ்வொன்றாக அவரிடம் வரும், தொட்டியில் இறக்கி, தண்ணீர் எடுக்கிறதா, அழுத்தம் நிற்கிறதா, கசிகிறதா என்று பார்த்து அனுப்புவார். சாப்பாட்டுக்குப் பிறகு அதே பம்புகளை அதே ஆட்கள் கழற்றுவார்கள். நட்டு தனி, வாஷர் தனி, மோட்டார் தனி, டிரேயில் அடுக்கி, எண்ணெய் துடைத்து, மூடி வைப்பார்கள். மறுநாள் காலையில் மறுபடியும் கோர்ப்பார்கள். யாரும் உத்தரவு போட்டுச் செய்வதில்லை. ஆர்டர் நின்ற புதிதில், சும்மா உட்கார்ந்திருக்க வெட்கப்பட்டு யாரோ ஒருவர் ஆரம்பித்தது. கை மறந்துடக்கூடாது பாருங்க என்றார்கள், சரிதானே என்று தோன்றியது. இப்போது அவருக்கு ஒவ்வொரு பம்பும் முகம் தெரியும். இடது காலில் பெயின்ட் பெயர்ந்தது ஒன்று, மூடியில் சுத்தியல் பட்ட தழும்போடு ஒன்று. வா சாமி, நேத்துப் பாத்தமே என்று தொட்டியில் இறக்குவார். ஒரே ஒரு வேலை மட்டும் அவர் செய்வதில்லை. குத்து அடிப்பதில்லை. அடித்த இடத்திலேயே எத்தனை தரம் அடிப்பது? சின்ன முதலாளி வாரத்துக்கு ஒருதரம் வருவார், ஓடுகிற லைனைப் பார்ப்பார், அவருக்குத் தெரியாதா என்ன, எல்லாம் தெரியும். "குட், குட்" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவார். அவர் போனபிறகு கொஞ்ச நேரம் யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள்.

ஹோப்ஸில் குப்புராஜ் ஏறினான். பெயின்ட்டிங் செக்ஷன், கல்யாணமாகி ரெண்டு பிள்ளைகள், கடைசி வரிசைக்காரன். ஏறும்போதே இன்று திங்கட்கிழமை என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவன் எங்கே போவானோ யாரைப் பார்ப்பானோ, திங்கட்கிழமை ஒரு சேதியோடுதான் வருவான். "ணா, கேட்டீங்ளா, ஆந்திராவுல கவுருமென்ட் ஆர்டராமுங். ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்களாமா. மாசம் முச்சூடும் ஓவர்டைமாமுங்." போன வாரம் கர்நாடகா, அதற்கு முந்தின வாரம் துபாய். துபாயில் எங்கே கிணறு இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. "அப்படியா, வரட்டும் வரட்டும்" என்றார் வசந்தாமணி அக்கா திரும்பாமலே. ஆரோக்கியம் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். வெள்ளியங்கிரி மட்டும் குப்புராஜைத் திரும்பிப் பார்த்தார். வந்துவிட்டால்? ஒருவேளை இந்தத் தரம் நிஜமாகவே வந்துவிட்டால்? இத்தனை நாள் காத்துக் கிடந்தவன் இறங்கிப்போன மறுநாள் ஆர்டர் வந்து, லைன் ஓடி, பஸ் நிறைந்து, தன் சீட்டில் எவனோ ஒரு புதுப் பையன் உட்கார்ந்துகொண்டு போனால்? சீச்சீ, வரவேண்டாம் என்றா நினைக்கிறேன்? நல்லா இருக்கட்டும், எல்லாரும் நல்லா இருக்கட்டும், என்று உதட்டுக்குள் சொன்னார். சொல்லச் சொல்ல, வரவே கூடாது என்று உள்ளே ஒன்று கிடந்து மன்றாடியது. அது தன் குரல்தான் என்று அவருக்குத் தெரிந்தது.

மேம்பாலத்தில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம், ஆட்கள் ஏறுகிற இடமெல்லாம் கீழே இருப்பதால் ஆரோக்கியம் கீழேயேதான் ஓட்டுவார். தூணுக்குத் தூண் ஜவுளிக்கடை விளம்பரம். பட்டுப்புடவையில் ஒரு பெண் சிரிக்கிறாள், அடுத்த தூணிலும் அவளே சிரிக்கிறாள். அந்தக் கடையில்தான் தர்ஷினி நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிற்கத்தான் செய்கிறாள், உட்காரக் கூடாது, கஸ்டமர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது. பிளஸ் டூவில் நல்ல மார்க். பார்மஸி படிக்க வேண்டும் என்றாள். இந்த ஒரு வருஷம் மட்டும் கண்ணு, கம்பெனி நிமிரட்டும் என்று அவர்தான் சொன்னார். சின்ன முதலாளி அவரிடம் சொன்னதை அவர் மகளிடம் சொன்னார், அதே குரலில், தரையைப் பார்த்துக்கொண்டு. "பரவாலப்பா, சும்மா இருக்கறதுக்கு வேலைக்காவது போறேன்" என்றது பிள்ளை. அடுத்த வருஷ அட்மிஷன் இன்னும் சில நாட்களில் தொடங்கிவிடும், அதை அவளும் பேசுவதில்லை, இவரும் பேசுவதில்லை. இன்று காலை கிளம்பும்போது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், பாதத்துக்குக் கீழே தலையணை. கணுக்கால் இரண்டும் பொதபொதவென்று வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் ராத்திரி முழுக்கத் தூங்கியும் போகாமல் சிவந்து கிடந்தது. பதினெட்டு வயசுக் கால். அவர் அங்கேயே நின்று பார்த்தார். அப்போதும் அவர் உடம்பில் நீலச் சட்டைதான் இருந்திருக்கிறது. பிள்ளையின் காலைப் பார்த்துக்கொண்டே அந்தச் சட்டைக்குப் பித்தான் போட்டிருக்கிறார். ஐயோ, நீ என்ன மனுசன்டா, என்று தன் தொடையில் தானே குத்திக்கொண்டார். யாருக்கு விசுவாசமாக இருந்தாய்? கழற்றிக் கழற்றிக் கோர்க்கிற பம்புக்கா? உன் பிள்ளையைத் தூணோடு தூணாக நிற்க வைத்துவிட்டு, நீ உன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு போகிறாயே, காலியாகக் கிடக்கிற பஸ்ஸில், ஜன்னலுக்குக்கூட நகராமல். அவருக்குக் கண் பொங்கிவிட்டது. வசந்தாமணி அக்காவின் பின்னல் மங்கலாகத் தெரிந்தது, அதில் சொருகியிருந்த கனகாம்பரமும் மங்கலாகத் தெரிந்தது.

கோல்டுவின்ஸ் பக்கம் மேம்பாலம் இறங்கித் தரையோடு சேர்ந்துகொண்டது. இனி அதிகத் தூரம் இல்லை. எழுந்திரு, எழுந்திரு என்று காலுக்குச் சொல்கிறார், கால் கேட்கவில்லை. காலையில் கேட்காமலே ஏறிய கால், இப்போது கெஞ்சினாலும் இறங்க மாட்டேன் என்கிறது. புது இடத்தில் ஆறு மாதம் பார்ப்பார்களாம், பிடித்தால்தான் வைத்துக்கொள்வார்களாம். சூப்பர்வைசர் பையன் போனதரமே அங்கிள் என்று கூப்பிட்டான். எல்லாம் ஸ்கிரீனில் வரும் அங்கிள், நீங்க ஓகேன்னு அமுக்கினாப் போதும் என்றான். அமுக்கத் தெரியாமல் நின்றால்? ஐம்பது வயசில் ஒருத்தன் திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பதை நாலு பிள்ளைகள் வேடிக்கை பார்த்தால்? ஆறாம் மாதம் போய்வாருங்கள் என்றால் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. இங்கே மூடினாலாவது எல்லோரும் சேர்ந்து நடுத்தெருவில் நிற்போம், பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கும். நாளைக்குப் போனால் என்ன? வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒழுங்காக டவுன் பஸ் பிடித்து, நாளைக்கு. இன்றைக்கு உடம்புக்கு முடியவில்லை என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் போட்டுவிட்டால் கேட்டுக்கொள்ள மாட்டாளா? இந்தச் சட்டையோடு எப்படிப் போவது? இதுவே சகுனம்தான் போலிருக்கிறது. நாளைக்கு என்று முடிவு செய்ததும் உடம்பு முழுக்க அப்படி ஒரு நிம்மதி பரவியது. இந்த நிம்மதியை அவருக்கு நன்றாகத் தெரியும். வருஷா வருஷம் வந்து தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போன நிம்மதி. தீபாவளி போகட்டும், பொங்கல் போகட்டும், நாளைக்கு. அதைப் பார்த்ததும் அவருக்குக் குலை நடுங்கியது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார்.

முன்னால் நடந்து போனார். "ஆரோக்கியம், கொஞ்சம் நிறுத்துங்க." கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்த ஆரோக்கியம் சடக்கென்று ஓரங்கட்டினார். "ஏனுங்ணா, வயித்துக்கு ஆகலீங்ளா? மெதுவா, மெதுவா." கதவு திறந்தது. வெள்ளியங்கிரி சின்னியம்பாளையத்து மண்ணில் இறங்கி நின்றார். வெயில் சுள்ளென்று அடித்தது. நாலு எட்டில் புதுக் கம்பெனியின் கேட், கண்ணாடி முகப்பு, புல்தரை, வாட்ச்மேன். பஸ் போகட்டும், போனபிறகு நடக்கலாம் என்று நின்றார். பஸ் போகவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வசந்தாமணி அக்கா ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "மூஞ்சியக் கழுவுங்க தம்பி. வெறும் வயித்தோட வந்திருப்பீங்க." அவர் வாங்கினார், குடித்தார், திருப்பிக் கொடுத்தார். பஸ் அப்போதும் போகவில்லை. அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது. இவர்கள் காத்திருக்கிறார்கள். இந்த பஸ்ஸிலிருந்து ஒருவன் இறங்கினால் திரும்ப ஏறுவான் என்பதைத் தவிர இவர்களுக்கு வேறொன்றும் தோன்றாது. "நீங்க போங்க ஆரோக்கியம். எனக்கு இங்க ஒரு சின்ன வேலை இருக்குது" என்றார். "எவ்வளவு நேரமாகுங்ணா?" "ஆகும். நீங்க போங்க." ஆரோக்கியம் ஸ்டியரிங் மேல் கையைப் போட்டுக்கொண்டு சிரித்தார். "நிக்கறமுங்ணா. நமக்கு அங்க போயி என்ன அவசரம்?" உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளியங்கிரியும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அந்த வார்த்தை மட்டும் அவர் காதில் நின்றது. நமக்கு அங்கே போய் என்ன அவசரம். எல்லோருக்கும் தெரியும். இத்தனை நாளும் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. இப்போது சொல்லிவிடலாம், நான் போறேன், இங்க சேர்றேன், மன்னிச்சுக்குங்க என்று. ஆனால் "சாயங்காலம் இங்கயே ஏறிக்கறேன்" என்றார். சொன்னபிறகுதான் அந்தப் பொய்யின் கனம் தெரிந்தது. "சரிங்ணா, சாயங்காலம் இங்கயே நிறுத்தறேன், நீங்க வர்ற வரைக்கும் எடுக்க மாட்டேன்" என்றார் ஆரோக்கியம். பஸ் நகர்ந்தது.

அவர் கேட்டை நோக்கி நடந்தார். சாயங்காலம் பஸ் வந்து இங்கே நிற்கும். எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டு நிற்கும், ஆரோக்கியம் ரெண்டுதரம் ஹாரன் அடிப்பார். அதற்குள் யோசித்துக்கொள்ளலாம். வலது கையைத் தூக்கிப் பாக்கெட்டின் மேல் வைத்து மஞ்சள் எழுத்தை மறைத்துக்கொண்டார். வாட்ச்மேன் அந்தக் கையைப் பார்த்தார். "என்னங்க, நெஞ்சு வலிங்களா? யாரு நீங்க, என்ன வேணும்?" "இல்லீங்க" என்றார் வெள்ளியங்கிரி. பிறகு சொன்னார், தேவைக்கு மேல் சத்தமாக. "வேலைக்குச் சேர வந்திருக்கேன். டெஸ்ட்டிங்குக்கு. இன்னைக்கு வரச் சொன்னாங்க." சொல்லும்போதே முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம், அவருக்குப் பழகிய எஞ்சின், சர்வீஸ் ரோட்டில் பின்பக்கமாகவே மெள்ள மெள்ள வந்து நின்றது. திரும்பினார். வசந்தாமணி அக்கா ஜன்னலில் அவருடைய சோற்றுப் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறார். தம்பி, சோத்துப் பைய மறந்துட்டீங்களே என்று கூப்பிடுவதற்காகத் திறந்த வாய் அப்படியே நின்றது. எல்லா ஜன்னலிலும் முகங்கள். எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.

பாக்கெட்டின் மேலிருந்த கை தானாகக் கீழே விழுந்தது. அவர் பஸ்ஸுக்குப் போனார், தலையைக் குனிந்துகொண்டு. யாராவது ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது. வசந்தாமணி அக்கா பையை அவர் கையில் கொடுத்து, பையின் காது இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வைத்தார். "நேரத்துக்குச் சாப்பிட்டுருங்க தம்பி" என்றார். அவ்வளவுதான். ஆரோக்கியம் முன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். கியர் விழுந்தது. அப்போது கடைசி ஜன்னல் கண்ணாடி கிறீச்சென்று தள்ளித் திறந்தது. குப்புராஜ் தலையை வெளியே நீட்டினான். பெயின்ட் படிந்த அவன் விரல்கள் ஜன்னல் விளிம்பைப் பிடித்திருந்தன. பஸ்ஸுக்குள் யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஆரோக்கியம்கூட கிளட்சை விடாமல் வைத்திருந்தார்.

"ணா" என்றான் குப்புராஜ், இத்தனை வருஷத்தில் அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி வெள்ளியங்கிரி கேட்டதில்லை. "இங்க இன்னும் ஆள் எடுக்கறாங்களான்னு சித்தெ கேட்டுச் சொல்றீங்ளா?"